படித்த பல்கலைக்கழகம் தரும் பிஎச்டி இடத்தை மனக்கசப்பில்லாமல் மறுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடித்த அதே பல்கலைக்கழகம் உங்களுக்கு பிஎச்டி இடம் தந்திருக்கிறது, உதவித்தொகையோடு. நீங்கள் ஆய்வு செய்த லேபின் பேராசிரியர்தான் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அட்மிஷன் குழுவிடமும் உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அவரிடமே சேர்வீர்கள் என்று லேபில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நீங்களோ வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். பழைய இடத்துக்கு எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, காரணம் சொல்லியே ஆக வேண்டுமா, நன்றி கெட்டவர் என்று நினைத்துவிடுவார்களோ என்பதெல்லாம் உங்கள் கவலை.

நான் பல ஆண்டுகள் அட்மிஷன் குழுவில் இருந்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் எங்கள் துறையிலேயே தொடர்ந்தவர்களும் உண்டு, இடம் கிடைத்தும் வேண்டாமென்று வெளியே போனவர்களும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்று: கடிதத்தில் என்ன வாசகம் போடுவது என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. எப்போது சொல்கிறீர்கள், யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்ற இரண்டும்தான் பெரிது. நல்ல வாசகம் அமையட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டு அருமையான மறுப்புக் கடிதம் அனுப்பியவர்கள்மேல் வருத்தப்பட்டிருக்கிறேன். மூன்றே வரியில் உடனே எழுதியவர்கள்மேல் ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை.

இது புரிய வேண்டுமானால் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிஎச்டி மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை, கல்விக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து பல ஆண்டுச் செலவு. அதனால் ஒரு துறைக்கு ஓராண்டில் நிதியோடு கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். கூப்பிட்ட எல்லோரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, இருக்கும் இடங்களைவிடச் சற்று அதிகமானோருக்கு ஆஃபர் அனுப்பும் துறைகள் உண்டு. சரியான எண்ணிக்கையில் அனுப்பிவிட்டு, ஒருவர் மறுத்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடும் துறைகளும் உண்டு. எந்த வகையானாலும் காத்திருப்போர் பட்டியல் ஒன்று பின்னால் இருக்கும். அதில் முதலில் நிற்பவருக்கு அழைப்பு போவது உங்கள் பதிலைப் பொறுத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு பொதுத் தேதி இருக்கிறது, ஏப்ரல் 15. முதுநிலைப் படிப்புகள் நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கூடிய ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன்னால் பதில் தரும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிதியுதவி இல்லாத வெறும் அட்மிஷனுக்கு அந்தத் தீர்மானம் பொருந்தாது. மாணவருக்கு நல்ல பாதுகாப்புதான் இது. யோசிக்க அவகாசம் கிடைக்கிறது, யாரும் நெருக்க முடியாது. ஆனால் முடிவெடுத்த பிறகும் 15-ஆம் தேதிவரை சும்மா இருப்பதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அட்மிஷன் ஒருங்கிணைப்பாளரின் திரையைப் பார்த்தால் தெரியும். பெயர்களுக்கு எதிரே சம்மதம், மறுப்பு, பதில் இல்லை என்று மூன்று வகைக் குறி. பதில் இல்லாத பெயர்கள்தான் அவரைத் தூங்கவிடாது. 14-ஆம் தேதி மாலை ஒருவர் மறுக்கிறார். உடனே காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போன் போகிறது. அவர் கையில் வேறொரு ஆஃபர் இருக்கும், அதற்கும் மறுநாள்தான் கெடு. இருபத்துநான்கு மணி நேரத்தில் அவர் எங்கே வாழ்வது, யாரிடம் படிப்பது என்றெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். 16-ஆம் தேதி காலையில் ஒருவர் மறுத்தாலோ, பட்டியலில் இருந்தவர் நேற்று இரவே வேறிடத்தில் சம்மதம் சொல்லியிருப்பார். அந்த இடம் வீணாகிறது. அவருக்கும் நஷ்டம், துறைக்கும் நஷ்டம். நீங்கள் மார்ச் மாதத்திலேயே முடிவெடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தீர்கள் என்று பின்னால் தெரிந்தால், வருத்தம் வருவது அந்த இடத்தில்தான்.

படித்த பல்கலைக்கழகம் என்பதால் இதில் கூடுதலாக ஒன்றும் உண்டு. அவர்கள் உங்களை நன்றாக அறிந்தவர்கள். பல்கலைக்கழக அளவிலான ஃபெலோஷிப் ஒன்றுக்குத் துறை தன் சார்பில் சிலரை மட்டுமே முன்மொழிய முடியும் என்றால், தெரிந்த பிள்ளை என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கலாம். பேராசிரியர் தம் ஆய்வு நிதியில் உங்களை மனத்தில் வைத்தே ஓர் இடம் ஒதுக்கியிருக்கலாம். இவையெல்லாம் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சீக்கிரம் சொன்னால் இவை வேறொருவருக்குப் போகும்.

அதற்காக அவசரப்பட்டு இருப்பதைக் கைவிடவும் கூடாது. புது இடத்தின் ஆஃபர் எழுத்தில் வரட்டும். பேராசிரியர் ஒருவர் வீடியோ அழைப்பில் “உங்களுக்கு இங்கே இடம் உண்டு” என்று சொல்வது ஆஃபர் ஆகாது. எத்தனை ஆண்டுக்கு நிதி, உதவித்தொகை எவ்வளவு, கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, வகுப்பெடுக்கும் பொறுப்பு எவ்வளவு, கோடைக்கும் சேர்த்துப் பணம் உண்டா, கைடு யாரென்று முடிவாகிவிட்டதா அல்லது முதலாண்டில் பல லேப்களில் சுழன்ற பிறகா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். இல்லாததை மெயில் போட்டுக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சம்மதம் சொல்லி, சம்மதம் பதிவானதாக உறுதி வந்த பிறகு இங்கே மறுப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்றையும் மறுப்பதற்கு முன்பே நேர்மையாக யோசித்துவிட வேண்டும். பழைய பல்கலைக்கழகம் உதவித்தொகையைக் கூட்டினால், அல்லது இரண்டாவது கைடு ஒருவரைச் சேர்க்க அனுமதித்தால், நீங்கள் தங்கிவிடுவீர்களா? ஆம் என்றால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. மறுப்புக் கடிதம் எழுத வேண்டாம், போய்க் கேளுங்கள். “எனக்கு இன்னோர் ஆஃபர் வந்திருக்கிறது, அதில் இன்னின்ன இருக்கிறது, இங்கே அதற்கு வழியுண்டா?” என்று கேட்பதில் தவறே இல்லை. மறுத்த பிறகு அதையே பேரமாக்கினால்தான் கசக்கும். இல்லை, என்ன கொடுத்தாலும் போகத்தான் போகிறேன் என்றால், அந்தத் தெளிவோடு பேராசிரியரைப் பாருங்கள்.

முதலில் பேராசிரியர். அதன் பிறகு துறைக்கு மெயில். கடைசியாக, விண்ணப்பித்த இணையப் போர்ட்டலில் மறுப்புப் பொத்தான். மூன்றும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ முடிந்துவிட வேண்டும். போர்ட்டலில் அழுத்தினால் துறைக்குத் தகவல் போய்விடும், பெரும்பாலும் திரும்பப் பெறவும் முடியாது. இரண்டு ஆண்டு உங்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்கிய மனிதர், நீங்கள் போகும் செய்தியை அலுவலகத்தில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது சரியில்லை. அதைவிட மோசம், சமூக வலைத்தளத்தில் நீங்கள் போட்ட பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. லேப் நண்பர்களிடம்கூட அவருக்கு முன்னால் சொல்லாதீர்கள். லேபில் எந்த ரகசியமும் மதியச் சாப்பாட்டைத் தாண்டாது.

நேரில் போக முடிந்தால் நேரில். வேறு ஊரில் இருந்தால் போன் அல்லது வீடியோ. அதற்கும் வாய்ப்பில்லை, அவர் பயணத்தில் இருக்கிறார் என்றால் மட்டும் தனி மெயில். சந்திக்க நேரம் கேட்கும்போதே “பிஎச்டி முடிவு பற்றிப் பேச வேண்டும்” என்று எழுதிவிடுங்கள். அனுபவமுள்ள பேராசிரியருக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி புரிந்துவிடும். மனத்தைத் தயார்செய்துகொண்டு உட்காருவார்.

அறைக்குள் போனதும் பலர் செய்வது, பத்து நிமிடம் நன்றி சொல்வது. முதல் நாள் லேபுக்குள் வந்ததிலிருந்து ஆரம்பித்து, அவர் கற்றுக்கொடுத்ததை எல்லாம் அடுக்கி, கடைசியில் “ஆனால்” என்று இழுப்பார்கள். கேட்பவருக்கு இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மீதி எட்டு நிமிடமும் அந்த “ஆனால்” எப்போது வரும் என்று காத்திருப்பார். அவ்வளவு நன்றியும் வீண். உட்கார்ந்தவுடன் விஷயத்தைச் சொல்லுங்கள். “ஒரு முடிவெடுத்திருக்கிறேன். பிஎச்டிக்கு அங்கே போகிறேன். இங்கே கிடைத்த இடத்தை ஏற்கவில்லை. துறைக்கு எழுதுவதற்கு முன் உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன்.” இவ்வளவு போதும். பிறகு பேச்சை நிறுத்திவிடுங்கள். அவர் சில நொடி மௌனமாக இருந்தால் அதை நிரப்பப் பார்க்காதீர்கள்.

அநேகமாக அவர் கேட்கும் அடுத்த கேள்வி, “அங்கே யாரிடம் சேர்கிறாய்?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியில் பேச்சு திசைமாறும். நீங்கள் சொல்லும் பெயர் அவருக்குத் தெரிந்ததாக இருக்கலாம். அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கலாம், அல்லது அவருடைய முறையில் நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். என்ன சொல்கிறார் என்று கவனமாகக் கேளுங்கள். சேரப்போகும் லேபைப் பற்றி அந்தத் துறையில் முப்பது ஆண்டு ஊறிய ஒருவர் மனம்விட்டுச் சொல்லும் அபிப்பிராயம் வேறெங்கும் கிடைக்காது. சொல்லப்போனால் இந்தச் சந்திப்பில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்.

“இங்கே என்ன குறை?” என்றும் கேட்கலாம். நேர்மையான பதில் இருக்கிறது; இங்கே இல்லாததைப் பேசாமல், அங்கே இருப்பதைப் பேசுங்கள். “இந்தக் கேள்விக்கு எனக்குக் களப்பணிப் பயிற்சி வேண்டும், அங்கே அந்தக் குழு பெரிது.” “கணிப்பு முறைகளை அடிப்படையிலிருந்து கற்க வேண்டும்.” “ஒரே இடத்தில் பத்து ஆண்டு இருந்துவிடுவேனோ என்று தோன்றியது. வேறு விதமாகச் சிந்திக்கும் ஆட்களோடு கொஞ்ச காலம் இருக்க வேண்டும்.” மூன்றுமே எந்தப் பேராசிரியரும் புரிந்துகொள்ளும் காரணங்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயங்குகிறவர்கள் பலர், நன்றி மறந்ததுபோல் ஒலிக்குமோ என்று. தயங்கத் தேவையில்லை. தன் மாணவர்களையே பல்கலைக்கழகம் திரும்பத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டால் சிந்தனை தேங்கும் என்பது கல்வி உலகில் மிகப் பழைய கவலை. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட்டே இதன் ஆபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் ஒருவர் பணியாற்றும் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக நியமிப்பதற்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருக்கிறது. பதவி வேண்டுமானால் பொதுவாக வேறிடம் போக வேண்டும். தம் நல்ல மாணவர்களிடம் “பிஎச்டிக்கு இங்கே இருக்காதே, வெளியே போ” என்று தாமே சொல்லும் பேராசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லப்போகும் செய்தியை அவர் ஏற்கெனவே எதிர்பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் பட்டம் வாங்கிய இடங்களைப் பாருங்கள். அவரே ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் பிஎச்டி முடித்தவராக இருக்கலாம்.

இதை அவருக்குப் பாடமாக எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பல்கலைக்கழகத்தில் தொடர்வது தவறென்று நான் சொல்லவில்லை. சில துறைகளில் உலகத்திலேயே ஒரு விஷயத்துக்கான சிறந்த கருவியோ ஆவணமோ ஆளோ அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும். குடும்பத்தைவிட்டு நகர முடியாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் லேபில் அப்படித் தங்கிய சீனியர் ஒருவர் பக்கத்து மேசையிலேயே இருப்பார். நீங்கள் பொத்தாம்பொதுவாகப் பேசினால் அவர் முகம் வாடும்.

பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த ஆண்டு படிப்பே வேண்டாமென்று நினைக்கிறேன் என்று சொல்லி நழுவிவிடலாம் என்று தோன்றும். ஆய்வு உலகம் மிகச் சிறியது. நீங்கள் எங்கே சேர்ந்தீர்கள் என்பது ஆறு மாதத்தில் ஒரு கருத்தரங்கிலோ, உங்கள் புது கைடின் இணையப் பக்கத்திலோ தெரிந்துவிடும். மறுத்ததை அவர் அதற்குள் மறந்திருப்பார். பொய் சொன்னதை மறக்கமாட்டார். எல்லாக் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சொல்வது உண்மையாக இருந்தால் போதும், முழுவதையும் கொட்ட வேண்டியதில்லை. துணைவருக்கு அந்த ஊரில் வேலை கிடைத்ததுதான் முதல் காரணம் என்றால் “சொந்தச் சூழ்நிலையும் ஒரு காரணம்” என்று நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மையான குறை ஒன்று இருந்து, அதனால்தான் போகிறீர்கள் என்றால்? லேபில் நடத்தப்பட்ட விதம், கட்டுரையில் பெயர் விடுபட்டது, யாரோ தொடர்ந்து அவமதித்தது என்று ஏதாவது. மறுப்புக் கடிதத்தில் அதை எழுதாதீர்கள். அந்தக் கடிதம் அட்மிஷன் கோப்புக்குள் போய் முடங்கிவிடும், யாரும் நடவடிக்கை எடுக்கமாட்டார்கள், உங்கள் பெயர் மட்டும் அதோடு ஒட்டிக்கொள்ளும். நடவடிக்கை வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் குறைதீர்ப்பு அமைப்பிடம், ஆதாரத்தோடு, தனியாகப் போங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காக எச்சரிக்க நினைத்தால், நீங்கள் நம்பும் மூத்த பேராசிரியர் ஒருவரிடம், புது இடத்தில் கால் ஊன்றிய பிறகு பேசுங்கள். அப்படிப்பட்ட கைடிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. சுருக்கமான மெயில் போதும்.

இனி துறைக்கு எழுதும் கடிதம். இது ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திட்டவருக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அட்மிஷன் குழுத் தலைவர் அல்லது முதுநிலைப் படிப்புகளின் இயக்குநர். அலுவலக ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு நகல். எந்த மொழியில் எழுதினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, வரும் பருவத்துக்கான பிஎச்டி இடத்தையும் நிதியுதவியையும் எனக்கு வழங்கியதற்கு மிக்க நன்றி. நன்கு யோசித்த பிறகு, வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர முடிவு செய்துள்ளேன். எனவே இந்த இடத்தை ஏற்க இயலவில்லை. காத்திருப்பவர் ஒருவருக்கு இது விரைவில் பயன்பட வேண்டும் என்று உடனே தெரிவிக்கிறேன். போர்ட்டலிலும் பதிவு செய்துவிடுகிறேன். இந்தத் துறையில் படித்த காலத்தில் ஆசிரியர்கள் தந்த பயிற்சிதான் எனக்கு இந்த வாய்ப்புகளைத் தந்தது. அதற்கு என்றும் நன்றியுடையேன்.” கீழே முழுப் பெயர், விண்ணப்ப எண், சேரவிருந்த படிப்பின் பெயர்.

விண்ணப்ப எண்ணைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பழைய மாணவர், எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்று நினைப்பு. அலுவலகத்தில் மெயிலைத் திறப்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே பெயரில் இரண்டு பேரும் இருக்கலாம். “ஏற்க இயலவில்லை” என்ற சொற்றொடர் வெளிப்படையாக இருக்க வேண்டும். “இப்போதைக்கு முடியாது போல் தெரிகிறது”, “வேறு வழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றெல்லாம் பட்டும் படாமலும் எழுதினால் உங்கள் பெயர் “பதில் இல்லை” பட்டியலிலேயே கிடக்கும். வர எண்ணமே இல்லாமல் “ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா?” என்று கேட்பதும் அதே ரகம்தான். மென்மையாக மறுப்பதாக நினைத்து, அடுத்த ஆண்டு வர வேண்டிய ஒருவரின் இடத்தையும் பிடித்துவைக்கிறீர்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கடிதத்தில் எழுத வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். போர்ட்டலில் பெரும்பாலும் ஒரு சிறு கேள்விப் பட்டியல் வரும்: எங்கே சேர்கிறீர்கள், உதவித்தொகை எவ்வளவு, என்ன காரணம். முடிந்தால் நிரப்புங்கள். “மற்ற இடங்களில் கூடுதலாகத் தருகிறார்கள், அதனால் மாணவர்களை இழக்கிறோம்” என்று துறை, பல்கலைக்கழக நிர்வாகத்திடம் வாதாடி உதவித்தொகையை உயர்த்திக் கேட்க இந்தப் பதில்கள்தான் கையில் இருக்கும் ஆதாரம். போகிற போக்கில் உங்கள் ஜூனியர்களுக்குச் செய்யும் நல்ல காரியம் அது.

தர வரிசையை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். “மேலும் சிறந்த பல்கலைக்கழகம்” என்ற சொல் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் குத்தும்.

பேராசிரியரை நேரில் பார்த்தாலும், அன்று மாலையே அவருக்குத் தனியாக ஒரு மெயில் போடுங்கள். நன்றிக்கு உரிய இடம் இதுதான். பொதுவாக எழுதாமல் ஒரே ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். “எல்லாவற்றுக்கும் நன்றி” என்ற வரி எல்லோரிடமிருந்தும் வருகிறது. “என் முதல் வரைவைத் திருப்பித் தந்தபோது, முடிவுரையில் இருந்த ஒரு கூற்றுக்கு மட்டும் வட்டம் போட்டு ‘இது எப்படித் தெரியும்?’ என்று எழுதியிருந்தீர்கள். இப்போதும் ஒவ்வொரு பத்தியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு மாணவர் எழுதினால் அந்த மெயிலை எந்த ஆசிரியரும் அழிக்கமாட்டார். உங்களுக்கு அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் தேடி எடுத்து எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதிய மற்ற இருவருக்கும் இதேபோல் தனித்தனியாக இரண்டு வரி. அவர்கள் எழுதிய கடிதம் எங்கே பலித்தது என்று சொல்லாமலே விட்டுவிடும் மாணவர்கள்தான் அதிகம்.

பேராசிரியருக்குப் போடும் அந்த மெயிலிலேயே இன்னொரு விஷயமும் வர வேண்டும். பழைய இடத்தை மறுக்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். முடியாத வேலை. நீங்கள் தங்கிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் பாதியில் நிற்கும் கட்டுரை இருக்கலாம், உங்களுக்கு மட்டுமே புரியும் புரோகிராம் இருக்கலாம், லேபின் கணினியில் உங்கள் கணக்கில் மட்டும் கிடக்கும் டேட்டா இருக்கலாம். ஒரு பேராசிரியருக்கு நீங்கள் போவதைவிடப் பெரிய கவலை பெரும்பாலும் இவைதான். “இன்ன தேதிக்குள் டேட்டாவைப் பொதுக் கோப்பகத்துக்கு மாற்றிவிடுகிறேன்; புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று விளக்கக் குறிப்பு எழுதிவிடுகிறேன்; கட்டுரையில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை முடித்துத் தருகிறேன், அதன் பிறகு யார் தொடர்வது என்று நீங்கள் சொல்லுங்கள்” என்று தேதியோடு எழுதுங்கள். பிறகு சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுங்கள். நடக்காத வாக்குறுதி தராதீர்கள். பிஎச்டி முதலாண்டில் பாடங்களும் வகுப்பெடுப்பதும் சேர்ந்து அழுத்தும்போது பழைய லேபின் வேலைக்கு நேரம் கிடைக்கும் என்று எண்ணவே எண்ணாதீர்கள்.

ஆய்வுக் குறிப்பேடும் மூல டேட்டாவும் பொதுவாக லேபுக்கு உரியவை. நகல் வேண்டுமானால் கேட்டு, அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் ஆசிரியர் பெயர்களின் வரிசையைப் போவதற்கு முன்பே பேசி, எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள். நல்ல உறவில் இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு, இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய மனத்தாங்கலாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மெயில் கணக்கு மூடப்படலாம் என்பதால் சொந்த முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே பழைய பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, பிறகு வேறு ஆஃபர் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. மேலே சொன்ன கடிதம் உங்களுக்குப் போதாது. கையெழுத்திட்டதில் என்ன இருக்கிறது என்று முதலில் படியுங்கள்: முன்பணம் கட்டினீர்களா, நிதியுதவி ஒப்பந்தம் தனியாக உண்டா, விலகுவதற்குத் தேதி ஏதும் உண்டா. ஏப்ரல் 15 தீர்மானத்தின்படி அந்தத் தேதிவரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என்றால் “என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று வேண்டுகோளாக எழுதி, பதில் வந்த பிறகே புது இடத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். இங்கே வருத்தம் தெரிவிப்பது பொருத்தம், ஏனென்றால் உங்கள் வார்த்தையை நம்பி அவர்கள் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு இடத்திலும் சம்மதம் சொல்லிவிட்டு, கோடை முடியும்போது ஒன்றை மௌனமாகக் கைவிடுவதுதான் இந்த விஷயத்தில் உண்மையிலேயே மன்னிக்க முடியாத செயல்.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்துவிட்டு அங்கேயே இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள், துறைக்குச் சொன்னதோடு நிறுத்தாமல் பழைய பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் உள்ள உங்கள் பதிவை அவர்கள்தான் புது இடத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்; அது மாறிய பிறகே புது ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவம், கிடைக்கும். துறை உங்கள் மறுப்பை ஏற்றுக்கொண்டதால் இது தானாக நடந்துவிடாது.

பேராசிரியர் உண்மையிலேயே கோபப்பட்டால் என்ன செய்வது? அபூர்வம், ஆனால் நடக்கிறது. நிதி விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கலாம், நீங்கள் வருவீர்கள் என்று வேறொருவரை மறுத்திருக்கலாம், அல்லது அவருக்கு உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கலாம். வாதாட வேண்டாம், முடிவையும் தளர்த்த வேண்டாம். “உங்களுக்கு ஏமாற்றம் என்று புரிகிறது, அதில் எனக்கும் வருத்தம்தான்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். வார்த்தையால் ஆறாதது அந்த ஒப்படைப்பில் பெரும்பாலும் ஆறிவிடும். மறுப்பு எதிர்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவை அடைத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். அட்மிஷன் குழு ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஆய்வாளராகவோ ஆசிரியராகவோ நீங்கள் பின்னால் விண்ணப்பிக்கும்போது, ஒரு காலத்தில் பிஎச்டி இடத்தை மறுத்தவர் என்பதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

துறையிலிருந்து பதில் இரண்டு வரியில் வரும்: “தெரிவித்ததற்கு நன்றி, வாழ்த்துகள்.” அதைக் கண்டு கோபமாக இருக்கிறார்களோ என்று குழம்பாதீர்கள், அந்தப் பருவத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு வாரமாகியும் பதில் இல்லை, போர்ட்டலிலும் நிலை மாறவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

புது இடத்தில் சேர்ந்து முதல் பருவம் நடக்கும்போது பழைய பேராசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள், என்ன படிக்கிறீர்கள், எந்தப் பிரச்சினையில் இறங்கியிருக்கிறீர்கள் என்று. மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. முதலாண்டிலேயே வெளி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தால் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். புது கைடுக்கு அப்போது உங்களைச் சில வாரங்களாகத்தான் தெரியும். உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதக்கூடியவர் நீங்கள் விட்டு வந்த லேபில்தான் இருப்பார். கெடுவுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால், விண்ணப்பத்தின் வரைவையும் சேர்த்து அனுப்பிக் கேளுங்கள்.